பன்னிரண்டாம் தேதி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் பனியன் கம்பெனி விடுதி அறையில் மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்த நான்காவது கட்டிலுக்கு இன்று ஆள் வந்தது. பெயர் அஞ்சனா. ஊர் கரூர். வயது இருபத்தொன்பது. ஓவர்லாக் டெய்லர், பத்து வருட அனுபவம். திருநங்கை.

கடைசி விவரத்தை மட்டும் வார்டன் தனலட்சுமி மேடம் எங்கள் மூவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கம்பெனியில வேலைக்கு எடுத்துட்டாங்க அம்மிணி. வெளிய யாரும் அவங்களுக்கு வீடு குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த மாசம் இங்க இருக்கட்டும். மாசக் கடைசியில ஆளுக்கொரு சீட்டுக் குடுப்பேன். மூணு பேரும் சரின்னு எழுதுனா இருப்பாங்க. ஒருத்தர் வேண்டாம்னாலும் அனுப்பறதுதான். வேற ரூம்ல கட்டில் இல்ல."

"அனுப்பிட்டா வேலை?" என்று ஜெசிந்தா அக்கா கேட்டார்.

"தங்க எடமில்லாம வேலைக்கு எப்படி வருவாங்க?"

குருவம்மா அக்கா உள்ளே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் உள்பாவாடைகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

செக்கிங்கில் இன்று 640 பீஸ். குழந்தைகள் டி-சர்ட். காலர் பிசிறு அதிகம். அஞ்சனா அக்காவின் லைனிலிருந்து வந்ததில் ஒன்றுக்குக்கூட நான் டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

குருவம்மா அக்கா இப்போதெல்லாம் குளியலறையிலேயே புடவை கட்டிக்கொண்டு வருகிறார். கீழ்ப்பகுதி நனைந்துவிடுகிறது. நனைந்த புடவையோடு வேலைக்குப் போகிறார். வயது நாற்பத்தாறு. சங்கரன்கோவில் பக்கம். இரண்டு மகன்கள் பொள்ளாச்சியில் லாரி ஓட்டுகிறார்கள்.

அஞ்சனா அக்கா இதைக் கவனித்துவிட்டு, காலையில் ஆறு மணிக்கே எழுந்து வெளியே போய் விடுதி வாசலில் இருக்கும் பிள்ளையார் மேடையில் உட்கார்ந்துகொள்கிறார். நாங்கள் உடை மாற்றி முடிக்கும் வரை வருவதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

துவைக்கும் நாள். தொட்டிக்குப் பக்கத்தில் சண்டை வந்தது. சண்டை என்றும் சொல்ல முடியாது. யாரும் கத்தவில்லை.

ஜெசிந்தா அக்கா திண்டுக்கல்காரர். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறார். எதையும் கேள்வியாகக் கேட்பது அவர் வழக்கம். "சரிக்கா, பொம்பளைன்னா யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

"இதென்னளா கேள்வி? மாசாமாசம் வரணும். பிள்ள பெறணும்."

"பிள்ளை பெறாதவங்க?"

"பெறதுக்கு உள்ள வயிறு இருக்கணும்லா."

"கான்வென்ட் சிஸ்டர்ஸ் எல்லாம் யாரு அப்போ?"

"அவுஹ சாமிக்குப் போனவுஹ. வம்பு பண்ணாத." குருவம்மா அக்கா துணியை அடித்துத் துவைத்தார். "வேற மாதிரி சொல்லுதேன் கேளு. பத்து வயசுல என் மார்ல முட்டிட்டுப் போனான் ஒருத்தன். பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டினாஹ. பஸ்ஸுல இடி. புருசன் அடி. இவ்வளவையும் தாங்கித்தான் நாங்க பொம்பளையா நிக்கோம். சேல கட்டுனவுடனே அது வந்துருமா? நான் துணி மாத்த ஒரு ரூம் வேணும். அதுல எனக்குப் பயமில்லாம இருக்கணும். இதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

ஜெசிந்தா அக்கா வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

அஞ்சனா அக்கா கொடியின் அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். போர்வைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது. "பஸ்ல இடிச்சதும் அடிச்சதும் எனக்கும் உண்டுங்கக்கா. இடிக்கறவன் சர்ட்டிபிகேட் கேட்டுட்டு இடிக்கறதில்ல."

"உனக்குப் பதில் சொல்லல நான்."

"சரிங்கக்கா."

பிறகு ஜெசிந்தா அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ என்னடி சொல்ற? பேச்சின்னு பேரு வச்சிருக்காங்க, வாயத் திறந்தா முத்து உதிர்ந்துருமா?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றேன். என் பெயர் முத்துப்பேச்சி. விளாத்திகுளம் பக்கம். வயது பதினெட்டு.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதிவேட்டில் தேதி எழுதினேன்.

வார்டன் அறை வாசலில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கும். மாதவிலக்கு வந்தால் பெயருக்கு நேரே தேதி போட வேண்டும். போட்டால் நாப்கின் பாக்கெட் ஒன்று கிடைக்கும். அந்த மூன்று நாளும் பிள்ளையாருக்கு விளக்கேற்றும் முறையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அஞ்சனா அக்காவின் பெயருக்கு நேரே வார்டன் ஒரு கோடு போட்டிருக்கிறார். குருவம்மா அக்காவின் பெயருக்கு நேரேயும் ஒரு கோடு உண்டு. அவருக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வருடம்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அஞ்சனா அக்கா பின்னால் நின்றிருந்தது தெரியாது. அவர் கையை நீட்டி முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஜூலை 12. ஜூன் 12. மே 12. மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, அப்பப்ப ரெண்டு நாள் முன்ன பின்ன எழுது."

நான் பேனாவை மூடினேன்.

"நாலு வருசம் முன்னால கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி. நான் யாருன்னு சொல்லாமயே சேந்துட்டேன். அங்கயும் இப்படி ஒரு நோட்டு. மாசாமாசம் அஞ்சாந்தேதி, அஞ்சாந்தேதின்னு எழுதுனேன். அப்படித்தான் வரும்னு நெனச்சேன். யாருகிட்டக் கேக்கறது? ஒரு நாள் சூப்பர்வைசர் அம்மா பாத்துட்டு, 'எவளுக்குடி இப்படி வருது? சம்பளமே ஒரே தேதிக்கு வர்றதில்ல'ன்னு கேட்டுச்சு. அன்னிக்கே மாட்டிக்கிட்டேன்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பாக்கெட்டை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டி சரியாக மூடவில்லை. துணிகளை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். வழக்கமான கேள்வி. வழக்கமான பதில். "சரி, யார்ட்டயும் சொல்லிக்கிடாத" என்றாள். அதுவும் வழக்கம்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி, ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். மதியம் விடுமுறை.

அஞ்சனா அக்கா போனில் ஒரு போட்டோ காட்டினார். ஆபரேஷன் முடிந்து நாற்பதாம் நாள் அவர்கள் வீட்டு அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பச்சைப் புடவை கட்டி, மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார். அவரைப் பெற்ற அம்மா இல்லை. மூத்த திருநங்கை ஒருவர்; மகளாகத் தத்து எடுத்துக்கொண்டவர். அஞ்சனா அக்காவின் கன்னத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. நிற்கிற எல்லாரும் சிரிக்கிறார்கள். அஞ்சனா அக்கா மட்டும் அழுகிறார்.

"நாப்பது நாள் கண்ணாடி பாக்கக் கூடாது. அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார்.

"ஐயோ, எங்க வீட்ல பெரியவளானப்ப எனக்கும் இதே மாதிரிதான்" என்றார் ஜெசிந்தா அக்கா. "நாங்க வேதக்காரங்க, இருந்தாலும் மாமா சீரு, தட்டு, பந்தல் எல்லாம் உண்டு. பேச்சி, உனக்கு?"

"பிளெக்ஸ் அடிச்சாங்க" என்றேன்.

"பிளெக்ஸா! என்ன போட்டிருந்துச்சு?"

"பேரு. மாமா பேரு. பெரியப்பா பேரு. நடுவில நான்."

குருவம்மா அக்கா கட்டிலில் படுத்தபடியே போட்டோவை எட்டிப் பார்த்தார். "மஞ்சள் ஊத்துனா ஆயிருமா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

710 பீஸ். தலைவலி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விளக்கு முறையில் குழப்பம். மேல்மாடியில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டது. ஊருக்குப் போனவர்கள் வேறு. குருவம்மா அக்காவே நான்கு நாளாக ஏற்றுகிறார். இன்று அவர் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டதால் அஞ்சனா அக்கா ஏற்றிவிட்டார். திரும்பி வந்த குருவம்மா அக்கா விளக்கைப் பார்த்தார். திரியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டார். "எண்ணெய் இவ்வளவு வேண்டாம்" என்றார். அணைக்கவில்லை.

ஜெசிந்தா அக்கா சிரித்தார். "இந்த விடுதியில முப்பது நாளும் விளக்கேத்த முடிஞ்ச ஆளு மொத்தம் ரெண்டே பேருதான்."

நான் மூன்று என்று எண்ணினேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மறுபடி பேச்சு. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஒரு நாள் நாங்களே சமைத்துக்கொள்ள மெஸ்ஸில் விடுவார்கள்.

ஜெசிந்தா அக்கா யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. "உடம்பு மட்டும் கணக்கில்லக்கா. அன்னைக்கு நீங்க சொன்னதேதான். பொம்பளைன்னு முடிவு பண்ணி நம்மள எப்படி நடத்துறாங்களோ, அதுலதான் ஆகுறோம். அவங்களயும் அப்படித்தான நடத்துறாங்க?"

"அப்ப நாளைக்கு ஒரு கொரங்குக்குச் சேல கட்டி அடிச்சா அதுவும் பொம்பளையா?"

அஞ்சனா அக்காவே சிரித்துவிட்டார்.

"உடம்புன்னு ஒண்ணு இருக்குளா" என்றார் குருவம்மா அக்கா. இப்போது அவர் சிரிக்கவில்லை. "இந்தா, இந்தப் பேச்சியப் பாரு. நேத்து மொளச்ச பிள்ள. எலும்பும் தோலுமா இருக்கா. அவளுக்கு உண்டும். இவளுக்கு உண்டுமா?"

அஞ்சனா அக்கா என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். ஒரு காம்பில் பூச்சிக்கூடு இருந்தது.

"இல்லீங்கக்கா. எனக்கு இல்ல" என்றார் அஞ்சனா அக்கா.

ஜெசிந்தா அக்கா விடவில்லை. "உங்களுக்கும்தான் இல்ல. கர்ப்பப்பைய எடுத்தாச்சே. நீங்க யாரு இப்போ?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவருக்கே தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

குருவம்மா அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "எம் புருசனும் இதத்தான் கேட்டான். ஆஸ்பத்திரியில இருந்து வந்து பதினாறாம் நாள். 'இனிமே நீ பொம்பளையாட்டீ?'ன்னான். அடுத்த வைகாசியில வேற ஒருத்தியக் கொண்டாந்துட்டான். அவளுக்கு வயசு இருபத்தாறு. நான்தான் ஆரத்தி எடுத்தேன்."

அஞ்சனா அக்கா குருவம்மா அக்காவின் முறத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த கீரையையும் சேர்த்து உருவ ஆரம்பித்தார். குருவம்மா அக்கா தடுக்கவில்லை.

கீரையில் உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று அவர் என்னைப் பார்த்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நல்ல பார்வைதான். ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்த ஒருவர் அடுத்த கட்டிலில் தூங்குகிறார்.

ஆகஸ்ட் 28, புதன்

எழுதி வைக்கலாம். இந்த டைரியை யாரும் படிப்பதில்லை.

பத்தாம் வகுப்பில் என் வகுப்பிலேயே நான் ஒருத்திதான் பாக்கி. அத்தை வந்தாள். எதிர்வீட்டிலிருந்து வந்தார்கள். எல்லாரும் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், அது பன்னிரண்டாம் தேதி, வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழியை அறுத்தாள். அத்தைக்குக் காட்ட ஒரு துணி தேவைப்பட்டது. அன்று மத்தியானம் கோழிக்குழம்பு. நான் குச்சுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் பந்தல். பெரிய பிள்ளையை பஸ் ஏற்றித் தூரமாக அனுப்ப முடியாது என்று மாமா சொன்னார். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பரீட்சையில் 391 எடுத்திருந்தேன். பிளெக்ஸ் இப்போது எங்கள் குளியல் தடுப்புக்குக் கூரையாக இருக்கிறது. குளிக்கும்போது அண்ணாந்தால் என் முகம் தலைகீழாகத் தெரியும். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி. கீழே 'பூப்புனித நீராட்டு விழா'.

வருமென்று அம்மா இன்னும் நினைக்கிறாள். தை மாதம் அத்தை மகனுக்குப் பேசலாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 31, சனி

சீட்டுக் கொடுத்தார்கள். அறை எண் மட்டும் அச்சிட்டிருந்தது. பெயர் எழுத வேண்டாம். சரி, வேண்டாம் என்று இரண்டு கட்டம். கீழே 'காரணம்' என்று ஒரு வரி.

குருவம்மா அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எழுதினார். எழுத நேரமானது. அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஜெசிந்தா அக்கா எழுதிவிட்டு எல்லாருக்கும் காட்டினார். நான் கழிவறையில் போய் எழுதினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஒரு சீட்டில் வேண்டாம் என்று இருந்ததாம். வார்டன் அஞ்சனா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். லைனிலும் சொல்லிவிட்டார்களாம். கட்டிலை இன்றே காலி செய்ய வேண்டும். பத்தாம் தேதி வரை வெளியில் இடம் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் கணக்கு முடித்துக்கொள்ளலாம்.

அஞ்சனா அக்கா பையில் துணி அடுக்கினார். தையல் கத்திரி, பவுடர் டப்பா, ஒரு சின்ன எவர்சில்வர் குத்துவிளக்கு. அவ்வளவுதான்.

வாசலில் நின்று குருவம்மா அக்காவிடம் சொன்னார். "நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்லீங்கக்கா. பயமில்லாம துணி மாத்தோணும்னு நீங்க கேட்டீங்க. நானும் அதுக்குத்தான் இங்க வந்தேன். ஆனா முப்பது நாள்ல ஒரு நாளாவது உங்களுக்கு என்னால பயம் வந்துச்சான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

ஜெசிந்தா அக்கா குருவம்மா அக்காவைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. "திருப்தியா?" என்று கேட்டார்.

குருவம்மா அக்கா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வா தாயி" என்று அஞ்சனா அக்காவிடம் சொன்னார்.

செப்டம்பர் 2, திங்கள்

ஜெசிந்தா அக்கா குருவம்மா அக்காவோடு பேசுவதில்லை. மெஸ்ஸில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மேல்மாடிப் பெண் ஒருத்தி, "பெரிய கற்புக்கரசி" என்று காதுபடச் சொன்னாள். குருவம்மா அக்கா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு ரசம் ஊற்றினார்.

புடவையை இன்று அறையிலேயே கட்டினார்.

கொடியடியில் தனியாக இருக்கும்போது கேட்டேன். "அக்கா, நீங்க என்ன எழுதுனீங்க?"

"இருந்துட்டுப் போட்டும்னு எழுதுனேன்." துணியை உதறினார். "ஜெசிந்தா என்ன எழுதுனான்னு ஊருக்கே தெரியும். மிச்சம் யாரு?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீ சின்னப்பிள்ள. ஒனக்கு என்ன பயமோ" என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

580 பீஸ்தான். இரண்டு நல்ல பீசுக்கு டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

டீ இடைவேளையில் வார்டன் அறைக்குப் போனேன்.

"மேடம், ஏழாம் ரூம் சீட்டுல ஒண்ணு என்னுது. மாத்தணும்."

வார்டன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வேண்டாம்னு எழுதுனது நீயா? நான் குருவம்மான்னுல்ல நெனச்சேன்." டிராயரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். என் கையெழுத்து. 'காரணம்: மாதவிலக்கு வராதவர்கள் பெண்கள் விடுதியில் இருக்கக் கூடாது.' ஓர் எழுத்துப்பிழை இல்லை.

"மாத்தறதுன்னா சும்மா முடியாது அம்மிணி. மேனேஜர் கேப்பாரு. அப்ப வேண்டாம், இப்ப சரின்னா, நடுவுல என்ன ஆச்சு?"

வெளியே போய் ஆணியிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். என் பெயரில் விரலை வைத்தேன்.

"இந்தப் பன்னெண்டு பொய் மேடம்."

"எந்தப் பன்னெண்டு?"

"எல்லாப் பன்னெண்டும்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். பதினான்கு மாதம்.

"எனக்கு வந்ததே இல்ல மேடம். அந்தச் சீட்டுல எழுதியிருக்கதப் பாத்தா, நானுந்தான் போகணும்."

வார்டன் பதிவேட்டை மூடி வைத்தார். வெளியே டீ இடைவேளை முடிந்து பெல் அடித்தது. பிறகு, "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "டாக்டர்கிட்டப் போனீங்களா?" இல்லை என்றேன். அவர் என் சீட்டை நாலாக மடித்துக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு ஒன்று கொடுத்தார். சரி என்ற கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் என்ற வரியில் ஒன்றும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அறையில் ஜெசிந்தா அக்காவிடம் சொன்னேன். சீட்டு எழுதியது நான் என்பதை மட்டும். அவர் கட்டிலிலிருந்து எழுந்து போய் குருவம்மா அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். "போட்டீ, அங்கிட்டு" என்றார் குருவம்மா அக்கா.

செப்டம்பர் 6, வெள்ளி

அஞ்சனா அக்கா வந்துவிட்டார். அதே பை.

என் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார். "எழுதுனது நீதான்னு வார்டனம்மா சொல்லல. போன்ல அவங்க பேசுன தினுசுல தெரிஞ்சுக்கிட்டேன். எதுக்கு எழுதுன?"

"நீங்க சொல்லிருவீங்கன்னு."

"சொல்றதுன்னா அன்னிக்குக் கீரை ஆயறப்பவே சொல்லியிருக்க மாட்டனா?"

"ஆமா."

"தெரிஞ்சும் எழுதுன."

"ஆமாக்கா."

அவர் பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்தார். என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. விளக்கு முறையில் அவர் பெயர் போட்டிருக்கிறார்கள். குருவம்மா அக்காதான் போடச் சொன்னாராம்.

செப்டம்பர் 7, சனி

கொழுக்கட்டை 120. பூரணம் போதவில்லை. அஞ்சனா அக்கா இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

துவைக்கும்போது அஞ்சனா அக்கா என் பக்கம் பார்க்காமலேயே சொன்னார். "நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். உனக்கும் சேத்து. பெரியாஸ்பத்திரி போறோம். பாவம்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு நெனைக்காத. எனக்கு இன்னும் உம்மேல கோவம் இருக்கு."

செப்டம்பர் 9, திங்கள்

அரசு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு எழுதுபவர் என் பெயரையும் வயதையும் கேட்டார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. தானாகவே 'பெ' என்று போட்டுக்கொண்டார். அஞ்சனா அக்கா தன் பல்வலிக்கும் ஒரு சீட்டு வாங்கினார். சீட்டு எழுதுபவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன போடட்டும்?" என்றார். "அந்தப் புள்ளைக்குப் போட்டதையே போடுங்க" என்றார் அஞ்சனா அக்கா.

டாக்டர் அம்மா நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சத்தமாகப் பேசச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன். சில பேருக்குக் கர்ப்பப்பை இல்லாமலேயே இருக்கும், சில பேருக்குச் சுரப்பில் கோளாறு இருக்கும், ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். செவ்வாய்க்கிழமை, 17-ஆம் தேதி, வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.

வரும்போது பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. அஞ்சனா அக்கா உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அம்மா எழுந்து தள்ளி நின்றுகொண்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 11, புதன்

அம்மா போன் செய்தாள். கேள்வியைக் கேட்டாள். இல்லை என்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டேன், தை மாதம் எதுவும் பேச வேண்டாம் என்றேன். "நான் ஒனக்கு நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள். "தெரியும்மா. அந்தப் பிளெக்ஸ மட்டும் கழட்டிரு" என்றேன். மழைக்காலம் வருகிறதே என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

பெட்டியில் இருந்த பதினான்கு பாக்கெட்டையும் எடுத்துப் போய் வார்டன் மேசையில் வைத்தேன். பெட்டி இப்போது நன்றாக மூடுகிறது.

பதிவேட்டை எடுத்தேன். குருவம்மா அக்காவுக்கு ஒரு கோடு, அஞ்சனா அக்காவுக்கு ஒரு கோடு. அளவு பார்க்கும் ஸ்கேலைக் கையோடு கொண்டு போயிருந்தேன். என் பெயருக்கு நேரே நானே போட்டேன். கோணவில்லை.

இன்று விளக்கு என் முறை.